கெயர்சொப்பா நீராவிக் கப்பல்: வெள்ளிக்கு முந்தைய இருபத்தோரு ஆண்டுகள்

காசுப்பை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பழைய நாணயங்கள் சேர்ப்பது என் பழக்கம். சென்ற மாதம் பிரிட்டனின் ராயல் மின்ட் 2014-இல் வெளியிட்ட கால் அவுன்ஸ் பிரிட்டானியா வெள்ளிக்காசு ஒன்று கைக்கு வந்தது. ஒரு பக்கம் அரசி, மறுபக்கம் பிரிட்டானியா. அதில் புதுமை ஒன்றும் இல்லை. காசைப் பக்கவாட்டில் பிடித்து விளக்கொளியில் மெல்லச் சுழற்றினால்தான், விளிம்பில் நகக்கீறல் போன்ற சிறிய எழுத்துகளில் ‘எஸ்.எஸ். கெயர்சொப்பா’ என்று பொறித்திருப்பது தெரிகிறது. 1941-இல் மூழ்கிய ஒரு சரக்குக் கப்பலிலிருந்து மீட்ட வெள்ளியை உருக்கி அடித்த காசு இது என்று விற்றவர் சொன்னார்.

பெயரைப் பார்த்ததும், ஜோக் அருவியின் பழைய பெயரல்லவா இது என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்த கட்டுரைகள் எல்லாம் டார்பிடோவில் தொடங்கி வெள்ளிக்கட்டியில் முடிகின்றன. 1919-இல் கட்டிய கப்பல் 1941-இல் மூழ்கியது என்றால், இடைப்பட்ட இருபத்தோரு ஆண்டுகள் அது என்ன செய்துகொண்டிருந்தது, எத்தகைய கப்பல், யார் ஓட்டினார்கள் என்பது பற்றி யாரும் இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை.

இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. கரி போதாமல் போனதால் கப்பல் கான்வாயை, அதாவது கூட்டமாகச் செல்லும் கப்பல் அணியை, விட்டுத் தனியே பிரிந்தது என்கிறார்கள். போர்க்காலத்தில், அதுவும் இவ்வளவு வெள்ளியை ஏற்றிக்கொண்டு, போதிய கரி இல்லாமல் ஒரு கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புமா? மீட்ட வெள்ளியின் எடையும் ஒரு செய்தியில் 48 டன், இன்னொன்றில் 61 டன், வேறொன்றில் 110 டன் என்று மாறிக்கொண்டே இருக்கிறது. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கரிப்புகை

வணக்கம். நான் கப்பல் எந்திரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கப்பலையும் கரியையும் பற்றி நான் சொல்கிறேன். கான்வாயைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே உண்டு.

கெயர்சொப்பா, போருக்காகத் திட்டமிட்டு, போர் ஓய்ந்த பிறகு தண்ணீரில் இறங்கிய கப்பல். முதல் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை மூழ்கடித்த வேகத்துக்கு ஈடுகொடுத்துப் புதிய கப்பல்களைக் கட்ட பிரிட்டனால் முடியவில்லை. ஆகவே 1916 இறுதியில் கப்பல்களின் பொறுப்பை ஏற்ற அரசு அதிகாரி, ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி கேட்கும் வடிவங்களை நிறுத்திவிட்டு, சில மாதிரி வரைபடங்களை மட்டும் எல்லாக் கப்பல் தளங்களுக்கும் கொடுத்துக் கட்டச் சொன்னார். அப்படிக் கட்டியவற்றுக்கு ‘வார்’ என்ற முன்னொட்டோடு பெயர் வைப்பது வழக்கம். நம் கப்பலுக்கு வைத்த பெயர் ‘வார் ரோபக்’. ரோபக் என்பது ஒரு வகைக் கலைமான். 1918 நவம்பரில் சண்டை நின்றதும் அரசு இந்தக் கப்பல்களைக் கம்பெனிகளுக்கு விற்றது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி வாங்கிய ஒன்று, கெயர்சொப்பா என்று பெயர் மாறி 1919-இல் வேலைக்கு வந்தது.

கட்டியவர்கள் டைன் ஆற்றங்கரையில் இருந்த பால்மர்ஸ் தளத்தார். ஒரு முனையில் இரும்புத் தாது உள்ளே போனால் மறுமுனையில் கப்பலாக வெளியே வரும் என்று பேர்பெற்ற தளம் அது. உலைக்களமும் எந்திரச் சாலையும் அவர்களுக்கே சொந்தம். 1930-களின் மந்தத்தில் அந்தத் தளம் மூடப்பட்டது. தளம் இருந்த ஜாரோ ஊரில் வேலையிழந்தவர்கள் 200 பேர் 1936-இல் லண்டனுக்கு நடந்தே போய் முறையிட்டதைப் பள்ளிப் பாடத்தில் சிலர் படித்திருக்கலாம். கட்டிய இடம் போன பிறகும் கப்பல் வங்காள விரிகுடாவில் ஓடிக்கொண்டிருந்தது.

நீளம் 412 அடி. பதிவேட்டில் 5,237 டன். இந்த டன்னைக் கண்டு மயங்க வேண்டாம். இது எடையே அன்று. கப்பலின் உட்புறக் கொள்ளளவை 100 கன அடிக்கு ஒரு டன் என்று அளந்த கணக்கு. தூக்கும் சரக்கின் எடை இதைவிட அதிகமாக வரும். கடைசிப் பயணத்தில் ஏறத்தாழ 7,000 டன் சரக்கு இருந்தது.

எந்திரம் அக்காலச் சரக்குக் கப்பல்கள் அனைத்துக்கும் பொதுவானது. கொதிகலனில் எழும் நீராவி முதலில் சிறிய சிலிண்டரிலும், அங்கே கொஞ்சம் விரிந்து அழுத்தம் குறைந்ததும் நடுச் சிலிண்டரிலும், மிச்சமிருக்கும் அழுத்தத்தோடு மிகப் பெரிய மூன்றாவது சிலிண்டரிலும் புகுந்து வேலை செய்யும். ஒரே நீராவியை மூன்று முறை பிழிந்தெடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது குளிர்ந்து தண்ணீராகி மீண்டும் கொதிகலனுக்கே திரும்பும். வேகம் மணிக்குப் பத்து, பதினொரு கடல் மைல். எளிய எந்திரம், சேதமானாலும் கடலிலேயே கழற்றிச் சரிசெய்யலாம். நான் மாணவனாக இருந்தபோது பயிற்சிச் சாலையில் இப்படி ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்கள். அதன் மூன்றாவது சிலிண்டருக்குள் நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

இத்தனை சிறப்பும் கரி இருக்கும் வரைதான். இந்த அளவுள்ள கப்பல் ஓடும்போது ஒரு நாளைக்குச் சுமாராக 25 முதல் 35 டன் கரியைத் தின்னும். எவ்வளவு என்பதைக் கரியின் தரமும் கடலின் குணமும் முடிவு செய்யும். வெல்ஷ் கரி சாம்பல் குறைந்தது. கல்கத்தாவில் ஏற்றும் ஜாரியா, ராணிகஞ்ச் கரியில் சாம்பல் அதிகம். அதே நீராவிக்குக் கூடுதல் கரி போட வேண்டும், உலையில் கட்டிதட்டும் கசடையும் அடிக்கடி உடைத்து இழுக்க வேண்டும். உலைக்கதவைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் குளிர்காற்று உள்ளே புகுந்து அழுத்தம் இறங்கும். நான் வேலையில் சேர்ந்தபோது எண்ணெய் எரிக்கும் கொதிகலன்கள் வந்துவிட்டன. ஆனாலும் கரிக்கப்பலில் தொடங்கிய ஒரு முதியவர் எங்களோடு இருந்தார். அவருடைய இரண்டு முன்கைகளிலும் மணிக்கட்டு முதல் முழங்கை வரை முடியே கிடையாது. உலைவாய் பொசுக்கியது என்பார்.

நாவாய்ச்சங்கம்

கரிப்புகை ஐயா தொழில்நுட்பத்தைச் சொல்லிவிட்டார். கம்பெனியைப் பற்றி நான் தொடர்கிறேன்.

பி.ஐ. என்று நம் முன்னோர் சுருக்கிச் சொன்ன இந்தக் கம்பெனியை அறியாத கடற்கரை ஊர் தமிழ்நாட்டில் இருந்திருக்காது. வில்லியம் மக்கின்னன் 1856-இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே தபால் கொண்டுபோகத் தொடங்கிய தொழில், பின்னாளில் பாரசீக வளைகுடா முதல் ஆஸ்திரேலியா வரை பரவியது. 1914-இல் பி. அண்டு ஓ. கம்பெனியோடு இணைந்தபோதும் தன் பெயரையும், இரண்டு வெள்ளைப் பட்டைகள் தீட்டிய கறுப்புப் புகைபோக்கியையும் அது விடவில்லை. வ.உ.சி. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியபோது, கட்டணத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கி அவரை நசுக்கப் பார்த்ததும் இதே கம்பெனிதான். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவர்களை ஏற்றிச் சென்ற ரஜுலா என்ற பயணிகள் கப்பலும் இவர்களுடையதே. கப்பல்களுக்கு இந்தியத் துணைக்கண்டத்து ஊர்ப்பெயர்களைத் தேடி வைப்பதும், பெயர் ‘ஆ’ என்ற ஓசையில் முடிவதும் அவர்கள் வழக்கம்.

பெயர் ‘ஜி’ என்ற எழுத்தில் தொடங்கும் சரக்குக் கப்பல்கள் இக்கம்பெனியில் ஒரு கூட்டமாகவே இருந்தன. கெயர்சொப்பா, கண்டாரா, கரிண்டா, கோக்ரா, கர்முலா ஆகிய எல்லாமே 1919, 1920 ஆண்டுகளில் வந்தவை. ஏறக்குறைய ஒரே அளவு. ரஜுலாவுக்குக் கிடைத்த அன்பு இவற்றுக்குக் கிடைக்கவில்லை; இவற்றில் யாரும் உறவினரை வழியனுப்பியதில்லை அல்லவா? கல்கத்தாவில் சணலும் தேயிலையும் வார்ப்பிரும்பும் ஏற்றுவது, இந்தியா, கிழக்கு ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தூரக்கிழக்கு என்று சரக்கு இருக்கும் இடமெல்லாம் போவது, திரும்புவது. இருபது ஆண்டுகள் இதுதான். காசுப்பை அவர்கள் கேட்ட இடைக்காலத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு என்பதற்குக் காரணமும் இதுவே என்று நினைக்கிறேன். சரக்குக் கப்பல் ஒன்று ஒழுங்காக வேலை பார்த்தால் அதைப் பற்றிச் செய்தித்தாளில் வருவது, எந்தத் தேதியில் எந்தத் துறைமுகத்துக்கு வந்தது என்ற ஒற்றை வரி மட்டும்தான்.

அந்தக் கூட்டத்தின் முடிவையும் பாருங்கள். கண்டாராவை 1942 ஏப்ரலில் நம் வங்காள விரிகுடாவிலேயே ஜப்பானியப் போர்க்கப்பல்கள் தாக்கின. சென்னை நகரமே பயந்து காலியான நாள்கள் அவை. கர்முலா அதே ஆண்டு மேற்கு ஆப்பிரிக்கக் கடலிலும், கோக்ராவும் கரிண்டாவும் 1943-இல் அட்லாண்டிக்கிலும் நீர்மூழ்கிகளுக்கு இரையாகின. கெயர்சொப்பா இவற்றுக்கு முன்னோடி.

இனி அதன் கடைசிப் பயணம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி வணிகக் கப்பல்களுக்கு அடைபட்டது. கல்கத்தாவிலிருந்து லண்டன் போக வேண்டிய கப்பல், சூயஸ் வழியை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்ற வேண்டும். 3,500 கடல் மைலுக்கு மேல் கூடுதல். கெயர்சொப்பா 1940 டிசம்பரில் கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சியரா லியோனின் ஃபிரீடவுனை அடைந்தது. தெற்கிலிருந்து வரும் கப்பல்கள் அங்கே கூடி ‘எஸ்.எல்.’ என்ற பெயரில் கான்வாய்களாகப் புறப்படும். ஜனவரி 30 அன்று எஸ்.எல். 64 என்ற கான்வாயில் இது சேர்ந்தது. பிப்ரவரி நடுவில் வட அட்லாண்டிக்கின் புயற்காற்று. இருக்கும் கரியை வைத்துக் கான்வாயோடு கடைசி வரை போக முடியாது என்று கண்ட காப்டன் ஜெரால்டு ஹைலண்டு, பிப்ரவரி 14 அன்று அணியை விட்டு விலகி அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நோக்கித் திருப்பினார். 16 அன்று காலையில் ஜெர்மானியரின் ஃபொக்கே-வுல்ஃப் விமானம் ஒன்று வந்து வட்டமடித்துப் பார்த்துவிட்டுப் போனது. அன்றிரவு யு-101 என்ற நீர்மூழ்கி, எர்ன்ஸ்ட் மெங்கர்சன் தலைமையில், டார்பிடோவை ஏவியது. அணியப்பக்கத்து, அதாவது முன்பக்கத்து, இரண்டாம் சரக்கறையில் அடி. சுமார் இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அயர்லாந்துக் கரை அங்கிருந்து ஏறத்தாழ 300 மைல்.

காசுப்பை

இருவருக்கும் மிக்க நன்றி. கர்முலா, கோக்ரா என்ற பெயர்களையெல்லாம் இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

ஆனாலும் கரி விஷயத்தில் என் ஐயம் முழுதும் தீரவில்லை. ஃபிரீடவுனில் ஜனவரி இறுதி வரை கப்பல் நின்றிருக்கிறது. அங்கேயே கூடுதலாக ஏற்றியிருக்கலாமே? இது காப்டன் அல்லது தலைமைப் பொறியாளரின் கணக்குப் பிழை என்று கொள்ளலாமா?

கரிப்புகை

கணக்குப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று எண்களோடு காட்டுகிறேன். இவை இந்த வகைக் கப்பலுக்குப் பொதுவாகப் பொருந்தும் எண்கள். கெயர்சொப்பாவின் நாட்குறிப்பிலிருந்து எடுத்தவை அல்ல.

மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் கான்வாய் போகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 192 மைல். நாளுக்கு 25 டன் கரி என்றால், 100 மைலுக்கு 13 டன். இப்போது எதிர்க்காற்று வீசி, அலை அணியத்தில் மோதி, வேகம் 5 மைலாகக் குறைகிறது. நாளுக்கு 120 மைல்தான் நகர்கிறோம். ஆனால் உலையில் போடும் கரி குறையாது. அந்த ஐந்து மைலைப் பெறவே எந்திரம் முழுமூச்சாக உழைக்க வேண்டும். இப்போது 100 மைலுக்கு 21 டன். அதே கரிக்கிடங்கு, முன்பு 1,000 மைல் போயிருக்கும் என்றால் இப்போது 620 மைலுக்கே வற்றிவிடும்.

இதற்கு மேல் கான்வாயின் செலவு இருக்கிறது. நீர்மூழ்கிக்குப் பயந்து நேர்வழியை விட்டு மேற்கே வெகுதூரம் ஒதுங்கிப் போவார்கள். வரிசையில் தன் இடம் தவறாமல் இருக்க ஒவ்வொரு மணி நேரமும் எந்திரத்தை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருக்க வேண்டும். கூட்டிய நீராவி வீணாகப் புகைபோக்கி வழியே போகும். மறுபடி கரி போடுவார்கள்.

ஃபிரீடவுனில் நிறைய ஏற்றியிருக்கலாமே என்கிறீர்கள். அந்த ஊரில் கரி விளைவதில்லை. அங்கே குவித்து வைத்த கரியே வடக்கிலிருந்து கப்பலில் வந்தது. போர்க்காலத்தில் டஜன் கணக்கான கப்பல்கள் வரிசையில் நிற்கும்போது கேட்ட அளவு கிடைக்குமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கப்பலில் கரிக்கு என்று ஒதுக்கிய அறைகள் நிறைந்த பிறகு சரக்கறையில்தான் கொட்ட வேண்டும். அந்தச் சரக்கறைகளில் ஏற்கெனவே தேயிலையும் வார்ப்பிரும்பும் இருக்கின்றன. சுமை வரம்புக் கோடும் தண்ணீருக்குள் போய்விடும்.

சேமித்துச் சேமித்து ஓட்டினாலும் போதாது என்று தெரிந்த பிறகு காப்டனுக்கு இரண்டே வழிகள். கரி தீரும் வரை கான்வாயோடு போய், நடுக்கடலில் எந்திரம் நின்று, சுக்கான் பிடிக்க நீராவியும் இல்லாமல் புயலில் உருளுவது ஒன்று. கரி இருக்கும்போதே அருகிலுள்ள துறைமுகத்துக்கு நேர்க்கோட்டில் போவது மற்றொன்று. நடுநிலை நாட்டுத் துறைமுகம் என்பதால் கால்வேயில் போர் அபாயமும் இல்லை. நானாக இருந்தாலும் கால்வேக்குத்தான் திருப்பியிருப்பேன்.

நாவாய்ச்சங்கம்

ஐயா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். கான்வாயில் இருந்தால் தப்பியிருக்கும் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. அதே நாள்களில் ஃபிரீடவுனிலிருந்து வந்துகொண்டிருந்த மெதுவான கான்வாய் எஸ்.எல்.எஸ். 64-ஐ, காவல் இல்லாத நிலையில், பிப்ரவரி 12 அன்று ‘அட்மிரல் ஹிப்பர்’ என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் தாக்கி ஏழு கப்பல்களை மூழ்கடித்தது.

யார் ஓட்டினார்கள் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அதிகாரிகளும் துப்பாக்கி வீரர்களும் பிரிட்டிஷார். மற்றவர்கள், அதாவது பெரும்பான்மையினர், லஸ்கர் என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகள். பி.ஐ. கப்பல்களில் ஒவ்வொரு பிரிவுக்கும் தலைவராக ஒரு சாரங்கு. அவருக்கு அடுத்தவர் திண்டல். தூத்துக்குடித் தோணிக்காரர்கள் சொல்லும் ‘தண்டல்’ என்ற சொல்லும் இதுவும் ஒன்றே. உலையில் கரி போடுபவர் ஆக்வாலா. கிடங்கிலிருந்து கரியைத் தள்ளுவண்டியில் உலைமுன் கொண்டுவந்து கொட்டுபவர் கோயிலாவாலா. கிடங்கில் முன்பக்கக் கரி தீரத் தீர அவர் நடக்க வேண்டிய தூரம் கூடும். ஆகவே கரி குறைகிறது என்பது காப்டனுக்குத் தெரியும் முன்பே அவருடைய முதுகுக்குத் தெரிந்திருக்கும். இவர்களுக்குக் கிடைத்த கூலி பிரிட்டிஷ் மாலுமியின் கூலியில் ஒரு சிறு பங்கு. 1939-இல் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்து கொஞ்சம் உயர்வு பெற்றார்கள். அப்போதும் அந்த இடைவெளி மூடவில்லை.

கப்பலில் இருந்தவர்கள் 86 பேர். மூன்று படகுகள் இறங்கின என்றாலும், இரண்டாம் அதிகாரி ரிச்சர்டு அயர்ஸின் பொறுப்பில் இருந்த ஒன்று மட்டுமே விலகிப் போக முடிந்தது. அதில் எட்டு ஐரோப்பியரும் இருபத்துமூன்று லஸ்கர்களும் இருந்தார்கள். வங்கக் கடலின் வெயிலுக்குப் பழகிய உடம்புகள், பிப்ரவரி மாதத்து அட்லாண்டிக்கில், திறந்த படகில். ஏழாம் நாள் தண்ணீர் தீர்ந்தது. பதின்மூன்றாம் நாளான மார்ச் 1 அன்று, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் லிசார்டு முனைக்கு அருகே பாறைக்கரையை நெருங்கியபோது உயிரோடு இருந்தவர்கள் சிலரே. அலை படகைக் கவிழ்த்தது. நகரக் குண்டுவீச்சுக்குப் பயந்து அந்த ஊருக்கு அனுப்பப்பட்டிருந்த சிறுமிகள் மூவர் கரைமேலிருந்து பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சொல்ல, கரைக்காவலர்கள் வந்தார்கள். இழுத்துக் காப்பாற்றப்பட்டவர் அயர்ஸ் ஒருவரே. அவருக்கு எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரசு விருது கிடைத்தது, மீண்டும் கடலுக்கே வேலைக்குப் போனார். 1992-இல் காலமானார்.

போரில் இறந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேரின் பெயர்களைத் தாங்கிய பதிவேடு மும்பையிலும் சிட்டகாங்கிலும் இருக்கிறது. மும்பைக்குப் போகும் நண்பர்கள் யாரேனும் பார்த்துவிட்டு வந்து எழுதினால் நன்று.

அஞ்சலுறை

எடைக்குழப்பத்தை நான் தீர்க்கிறேன். நான் தபால்தலைக்காரன், இருந்தாலும் இந்தக் கப்பலை எனக்கும் தெரியும்.

வெள்ளிக்குப் போர்க்கால இழப்பீட்டை ஏற்றது பிரிட்டிஷ் அரசு. ஆகவே மூழ்கிய பின் உரிமையும் அரசுக்கே வந்தது. 2010-இல் மீட்புக்கான ஒப்பந்தத்தை அமெரிக்காவின் ஒடிஸி மரைன் நிறுவனம் பெற்றது. செலவு போக மீட்ட மதிப்பில் 80 விழுக்காடு நிறுவனத்துக்கு என்பது ஏற்பாடு. 2011-இல் ஏறத்தாழ 4,700 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டார்கள். டைட்டானிக் கிடக்கும் ஆழத்தைவிட இது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அதிகம். கப்பல் கவிழாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் டார்பிடோ கிழித்த ஓட்டை. சரக்கறையில் தேயிலைப் பெட்டிகள். 2012-இல் எடுத்தவை 1,218 கட்டிகள். 2013-இல், எளிதில் நுழைய முடியாத ஒரு சிறிய அறைக்குள்ளிருந்து, 1,574 கட்டிகள். ஆக 2,792. ஒவ்வொன்றும் 35 கிலோவை ஒட்டிய எடை.

48-உம் 61-உம் முறையே அந்த இரண்டு ஆண்டுகளின் எடைகள். இரண்டையும் கூட்டினால் 110-ஐ ஒட்டி வரும். ஆனால் அது 907 கிலோ கொண்ட அமெரிக்க டன். நம் 1,000 கிலோ டன்னில் சொன்னால் 100. எந்தச் செய்தியும் பொய் சொல்லவில்லை. கப்பலில் இருந்த 7,000 டன்னில் வெள்ளி நூற்றில் இரண்டு பங்கு கூட இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மற்றதெல்லாம் இரும்பும் தேயிலையும் பொதுச் சரக்கும்.

எனக்கு வெள்ளியைவிடப் பெரிதாகப் படுவது தபால்தான். அதே கப்பலில் இந்தியாவிலிருந்து போன அஞ்சல் பைகளும் இருந்தன. வெள்ளியைத் தேடியபோது சரக்கறைச் சேற்றுக்குள்ளிருந்து 700-க்கும் மேற்பட்ட கடிதங்கள் வெளியே வந்தன. வெளிச்சமும் காற்றும் புகாத குளிரில், ஒன்றின்மேல் ஒன்று அழுந்திக் கிடந்ததால் தாள் மட்கவில்லை. பலவற்றில் எழுத்தும் படிக்கக்கூடியதாக இருந்தது. பதப்படுத்துவோர் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தெடுத்தார்கள். 2018-இல் லண்டன் அஞ்சல் அருங்காட்சியகத்தில் கண்காட்சியும் நடந்தது. 1940 குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்த சிப்பாய்களும் குடும்பத்தாரும் ஊருக்கு எழுதியவை அவை. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தாமதமான தபாலுக்குக் கூடுதல் கட்டணம் எவ்வளவு வாங்குவார்கள் என்று எங்கள் சங்கத்தில் ஒரு மாலை முழுக்க விவாதித்தோம்.

காசுப்பை

அஞ்சலுறை அவர்களுக்கு நன்றி. எடை விளக்கம் பளிச்சென்று புரிந்தது. கரிக்கணக்கை ஒரு தாளில் எழுதிப் போட்டுப் பார்த்தேன். 13 டன், 21 டன் சரியாகவே வருகிறது. என் காசு ஆல்பத்தில் இந்தக் காசின் கீழே ‘மூழ்கிய கப்பல் வெள்ளி, 1941’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். இப்போது ‘டைன் கரை, பால்மர்ஸ், 1919, பி.ஐ. கம்பெனி, கல்கத்தா’ என்றும் சேர்த்திருக்கிறேன். இடம் போதவில்லை, எழுத்து சிறிதாகிவிட்டது.

மேற்குத்தொடர்ச்சி

தாமதமாகப் பார்க்கிறேன். பெயரைப் பற்றி ஒரு சிறு திருத்தம். கன்னடத்தில் அந்த ஊர் கேருசொப்பா. அருவி இருக்கும் இடமும் ஊரும் ஒன்றல்ல. ஷராவதி ஆறு அருவியாக விழுந்து மேற்கே ஓடும் வழியில், கீழே இருக்கும் பழைய ஊர் அது. பதினாறாம் நூற்றாண்டில் அங்கிருந்து ஆண்ட சென்னபைராதேவியைப் போர்த்துகீசியர் மிளகு அரசி என்று அழைத்தார்கள். ஆல்பத்தில் இனி இடமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

காசுப்பை

பின்பக்கம் காலியாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.